ஃபென்விக் பங்களாவின் ஆறு மணி டீ

இதனால் சகலமானவர்களுக்கும், குறிப்பாக ஃப்ரீமான்ட், சான்டா கிளாரா மற்றும் இடையிலுள்ள எல்லா ஃப்ரீவே எக்ஸிட்டுகளிலும் வசிக்கும் தமிழ்ப் பெருமக்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்: கீழே வருவது நடந்தது. மனிதகுலத்தின் எதிர்காலமே இதில் அடங்கியிருக்கிறது என்று எழுத ஆசைதான். அப்படியெல்லாம் இல்லை. ஒரே ஒரு மனிதருடைய எதிர்காலம் அடங்கியிருக்கிறது. அவர் பெயர் ரூஃபஸ்.

முக்கால்வாசி அவரே சொன்னது. மௌரி அவென்யூ மளிகைக் கடையில், முருங்கைக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, நாற்பது நிமிடம். மீதி அவர் மனைவி ஜூலியட் சொன்னது. ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. நம்பாதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

ரூஃபஸுக்கு நாற்பத்தேழு வயது. மதுரைக்காரர். சான்டா கிளாராவில் ஒரு கம்பெனியில் பெரிய இன்ஜினியர். எவ்வளவு பெரியவர் என்று அவரே சொல்வார், கேட்க வேண்டியதில்லை. பதினான்கு வருடங்களாக கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறார். ஃப்ரீமான்டில் வீடு வாங்கி, எலுமிச்சை நட்டு, மகள் ரெனிஷாவை அங்கேயே பத்தாம் வகுப்புவரை கொண்டுவந்துவிட்டார். ஆனாலும் விசா நீட்டிப்பு வரும்போதெல்லாம் மனிதர் ஒரு மாதம் தூங்கமாட்டார். இந்த வீட்டில், இந்த இரண்டு பேரோடு, யாரும் கிளப்பிவிடாமல் இருக்க வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஜம்பம்.

2025 ஜூலையில் குடும்பத்தோடு கொடைக்கானல் போனார். சாதாரண லாட்ஜில் தங்க அவருக்கு மனம் வருமா? 'ஹெரிடேஜ்' வேண்டும். ஏரியிலிருந்து இரண்டு மைல் தள்ளி, பைன் மரங்களுக்கு நடுவே, ஃபென்விக் பங்களா. ஒரு காலத்தில் அமெரிக்க மிஷனரிகள் கட்டியது. மதுரை வெயில் தாங்காமல் அமெரிக்கர்கள் இந்த மலைக்கு ஓடினார்கள். மதுரையே தாங்காமல் மதுரைக்காரர்கள் பிற்பாடு அமெரிக்காவுக்கு ஓடினார்கள். கணக்கு நேராகிவிட்டது என்று ரூஃபஸ் சொல்லிச் சிரித்தார்.

முன்னறையில் ஒரு பியானோ. தந்தம் மஞ்சளாகிப் போயிருந்தது. ரெனிஷா அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"டாட், ரோடே இல்லாத காலத்துல இதை யாரு மேல தூக்கிட்டு வந்தா?"

அவ்வளவுதான். கைப்பிடி நீண்ட துரை நாற்காலியில் சாய்ந்து, இரண்டு காலையும் தூக்கி அதன்மேல் போட்டுக்கொண்டு, ரூஃபஸ் இருபது நிமிடம் காலனியாதிக்கத்தைக் கண்டித்தார். மனிதர் தோள்மேல் மனிதர் ஏறி வந்த கதை. டோலி தூக்கியவன் செருப்பில்லாமல் முப்பது மைல் நடந்த கதை. அந்தத் தோள்களை எந்தச் சரித்திரம் எழுதியது என்று குரல் தழுதழுக்கக் கேட்டார். பிறகு மேசைமேல் இருந்த பித்தளை மணியை அடித்து வெந்நீர் கொண்டுவரச் சொன்னார்.

வெந்நீர் கொண்டுவந்தவர் கிட்டுசாமி. பங்களாவின் காவல்காரர், சமையல்காரர், எல்லாம். அறுபத்தைந்து வயது. குரங்குக் குல்லா. வெந்நீரோடு ஒரு பெரிய புத்தகத்தையும் கொண்டுவந்தார். தோல் அட்டை. வருகிற விருந்தாளிகள் கையெழுத்துப் போடும் பதிவேடு. அந்தக் காலத்திலிருந்து அதே புத்தகம். பெயர், வந்த தேதி, போகும் தேதி, நிரந்தர முகவரி என்று கட்டம் கட்டமாக ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது.

நிரந்தர முகவரிக்கு வந்ததும் ரூஃபஸின் பேனா நின்றது.

"எழுதுங்களேன்," என்றாள் ஜூலியட். "உங்களுக்குத்தான் நிரந்தரமே கிடையாதே. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை எக்ஸ்டென்ஷன்!"

"அமெரிக்கா தரலைன்னா என்ன, ஜூலி? நமக்கு இடமா இல்ல?"

வளைத்து வளைத்து, அழகாக, கட்டம் கொள்ளாமல் எழுதினார். 'இந்த வீடே.'

கிட்டுசாமி புத்தகத்தைத் திருப்பி அந்த வரியை எழுத்துக்கூட்டிப் படித்தார். முகம் என்னவோ போல ஆனது.

"எழுதிட்டீங்களா, சார்..."

"சும்மா ஜோக்குக்குப்பா."

"சரிங்க சார்."

புத்தகத்தை மூடிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை. சரியாக ஆறு மணி. கதவில் டொக்... டொக்... டொக். பிறகு ஒரு சின்ன இருமல். 'நான் வெளியே நிற்கிறேன்' என்று சொல்கிற மரியாதையான இருமல்.

ரூஃபஸ் கதவைத் திறந்தார். யாரும் இல்லை. தரையில் ஒரு தட்டு. அதில் கோப்பை, ஆவி பறக்கும் டீ, இரண்டு பிஸ்கட். டீயில் விறகுப்புகை வாசனை.

"பாத்தியா சர்வீஸை!" என்று ஜூலியட்டை எழுப்பிக் காட்டினார். படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டார். இருநூற்றுப் பன்னிரண்டு லைக்.

மூன்று நாளும் அதே ஆறு மணி. கதவில் அதே மூன்று தட்டல். அதே இருமல்.

கிளம்பும்போது கிட்டுசாமியைக் கூப்பிட்டுத் தோளில் தட்டினார். "காலையில டீ ரொம்பப் பிரமாதம்ப்பா."

கிட்டுசாமி தரையைப் பார்த்தார். "நான் ஏழரைக்குத்தான் சார் வருவேன். அதுக்கு முன்னாடி கேட்டே திறக்கமாட்டேன்."

"அப்ப யாரு?"

"டாக்ஸி வந்துருச்சு, சார்."

பதிவேட்டில் போகும் தேதி போட வேண்டும். ரூஃபஸ் பேனாவைத் திறந்தார். அந்தக் கட்டத்தில் ஏற்கெனவே ஒரு கோடு இழுத்திருந்தது. பழுப்பு மை. காய்ந்து, வெடித்து, நூறு வருடக் கோடு போல இருந்தது. ஆனால் அவர் பெயருக்கு நேராக இருந்தது.

டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தார். ரூஃபஸ் பேனாவை மூடிக்கொண்டு ஓடினார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்க்கிழமை. ஃப்ரீமான்ட். அன்று வீட்டிலிருந்து வேலை. மாடி அறையில் ஆபீஸ் மீட்டிங் போய்க்கொண்டிருந்தது. வெளியே பளீரென்று வெயில். பக்கத்து வீட்டில் புல் வெட்டுகிறார்கள்.

மாலை 5:30.

டொக்... டொக்... டொக்.

"ரெனிஷா, டாடி மீட்டிங்ல இருக்கேன்மா."

ஒரு சின்ன இருமல் கேட்டது.

திறந்தார். யாரும் இல்லை. ரெனிஷா கீழே பாஸ்கட்பால் அடிக்கும் சத்தம் கேட்டது. மாடிப்படி முழுக்க விறகுப்புகை வாசனை.

"ஜெட் லேக்," என்றாள் ஜூலியட். அவள் பார்மசிஸ்ட். எதற்கும் ஒரு பெயர் வைத்துவிடுவாள்.

மறுநாளும் 5:30. அதற்கு மறுநாளும். அலுவலகத்தில் இருந்தால் கான்ஃபரன்ஸ் அறைக் கதவில். ஃப்ரீவேயில் இருந்தால் கார்க் கண்ணாடியில், அறுபத்தைந்து மைல் வேகத்தில். டொக்... டொக்... டொக்.

சர்ச்சிலிருந்து பாஸ்டர் வந்து ஜெபித்தார். அவர் ஆமென் சொன்னபோது மணி 5:30. கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பாஸ்டர் சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். பிரியாணி செய்திருந்த நாள் அது.

கணக்கைக் கண்டுபிடித்தவள் ரெனிஷா. தன் போனைப் பார்த்தாள். "டாட், இங்க ஃபைவ் தர்ட்டின்னா இந்தியால சிக்ஸ் ஏ.எம். எக்ஸாக்ட்லி சிக்ஸ்."

ரூஃபஸ் சிரித்துவைத்தார்.

செப்டம்பர் 9. முதல்முறையாகத் தட்டு வந்தது. மாடி அறைக்கு வெளியே, கார்ப்பெட் மேல். கோப்பை. டீ. ஆவி பறந்தது. பிஸ்கட் நமுத்திருந்தது.

கொட்டிவிட்டிருக்கலாம். ஆனால் ஊரிலிருந்து வந்ததை நாம் என்றைக்குக் கொட்டியிருக்கிறோம்? எடுத்துக் குடித்தார்.

அடுத்த நாள் அலுவலகத்தின் தானியங்கிக் கதவு அவருக்குத் திறக்கவில்லை. பின்னால் வந்தவருக்குத் திறந்தது. கை கழுவும் குழாய்க்கு அடியில் கையை நீட்டினார். தண்ணீர் வரவில்லை. ஐந்து குழாயிலும் வரவில்லை. போன் அவர் முகத்தைப் பார்த்து, தெரியாது என்றது. மீட்டிங்கில் பேசினார்.

"ரூஃபஸ், யூ ஆர் ஆன் மியூட்."

அவர் மியூட்டில் இல்லை.

அன்றிரவு கிட்டுசாமிக்குப் போன் போட்டார்.

"அந்த வரியை அடிச்சிடுங்க, அண்ணே." அதுவரை வெறும் 'ப்பா'வாக இருந்தவர் 'அண்ணே' ஆகிவிட்டார்.

"நீங்க போன அன்னைக்கே அடிச்சேன், சார். காலையில பார்த்தா என் கோடு இல்ல. உங்க எழுத்துதான் இருக்கு."

"எனக்கு மட்டும் ஏன்? எத்தனை பேரு வந்து தங்கியிருக்கான்! துரைமாருங்க எத்தனை பேரு..."

"துரைங்க யாரும் அந்தக் கட்டத்துல இந்த வீட்டை எழுதினதில்ல, சார். அவங்க சீசனுக்கு வருவாங்க. ரெண்டு மாசம். அப்புறம் எறங்கிருவாங்க. அவங்கவங்க ஊருப் பேரைத்தான் எழுதியிருக்காங்க."

"அப்ப வேற யாருக்கு இது நிரந்தர முகவரி?"

போனில் மழைச் சத்தம்.

"மழையிலயும் குளிர்லயும் வருஷம் பூரா இங்கயே கெடந்தது யாரு, சார்? வேலைக்காரங்கதானே."

ரூஃபஸ் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கடைசிப் பக்கத்துல அவங்க பேரு தனியா இருக்கு, சார். சமையல், தண்ணி, தோட்டம், டீ கொண்டாரவரு... எல்லாருக்கும் நேரா 'இந்த வீடு'ன்னுதான் போட்டிருக்கு. போன வாரம் அதுல ஒரு பேரு சேர்ந்திருக்கு."

"யாரு பேரு?"

"நான் எழுதலீங்க, சார்."

"அந்த டீ... யாருய்யா கொண்டுவர்றது?"

"பழைய ஆளு. எங்க அப்பா காலத்துலயே இருந்தாரு. புது ஆளு வந்தா கொஞ்ச நாளு கூடவே இருந்து பழக்கிக் குடுப்பாருன்னு அப்பா சொல்லும். அப்புறம் அவரு ரிலீவ் ஆயிருவாரு."

நமக்குத் தெரிந்த சங்கதிதான். நாலெட்ஜ் ட்ரான்ஸ்ஃபர். ரூஃபஸ் அதில் நிபுணர். எத்தனையோ பேருக்கு மாற்று ஆள் பழக்கி அனுப்பியிருக்கிறார்.

"வேற யாராவது அந்த மாதிரி எழுதினா நான் தப்பிச்சிருவேனா?" அவர் குரல் சின்னதாகிவிட்டது.

"எழுத முடியாதுங்க, சார். முதலாளி எல்லாத்தையும் டேப்லெட்ல மாத்திட்டாரு. புக்கை ஹெரிடேஜுன்னு, கடைசிப் பக்கத்தை விரிச்சு, கண்ணாடிப் பெட்டியில வெச்சுப் பூட்டியாச்சு."

"எப்ப?"

"நீங்க போன மறுநாளு."

நவம்பர் 2, ஞாயிறு. அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியது. ரூஃபஸுக்கு ஒரு நப்பாசை. கதவைத் தட்ட வருவது நேரம் தெரியாமல் குழம்பிப்போகும் என்று நினைத்தார்.

நவம்பர் 3. 4:30. டொக்... டொக்... டொக்.

அதற்குக் குழப்பம் இல்லை. இந்தியாவில் ஆறு மணி. அவ்வளவுதான்.

அன்று அவர் கதவைத் திறந்தபோது கார்ப்பெட் இல்லை.

வெறுங்காலில் சிமெண்டுத் தரை. ஜில்லென்று இருந்தது. நீளமான தாழ்வாரம். இருட்டு. ஜன்னலில் பனி.

அவர் கையில் தட்டு.

அவருக்கு எதிரே ஒரு கதவு. மூடியிருந்தது.

பின்னால் யாரோ நின்றார்கள். மூச்சு பிடரியில் பட்டது. விறகுப்புகை...

திரும்பத் தைரியம் வரவில்லை. ஒரு கை பின்னாலிருந்து நீண்டது. எலும்பாக இருந்தது. அவர் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக உயர்த்தியது. கதவில் வைத்தது.

அவர் தட்டினார். மூன்று முறை.

தொண்டையில் எதுவோ கிளம்பியது. தடுக்கப் பார்த்தார். முடியவில்லை.

இருமினார்.

மறுபடி ஃப்ரீமான்ட். மாடி அறை. மணி 4:41.

"டாட்?" ரெனிஷா வாசலில் நின்றாள். முகம் வெளிறியிருந்தது. "நான் உள்ள வந்து பார்த்தேன். யூ வேரன்ட் ஹியர்."

நவம்பர் 5. 4:30 முதல் 5:52 வரை. திரும்பியபோது அவர் விரல் நுனிகளில் ஷூ பாலிஷ். ஜூலியட் ஸ்பிரிட் வைத்துத் துடைத்தாள். போகவில்லை. இந்த முறை அவள் எந்தப் பெயரும் வைக்கவில்லை.

நவம்பர் 7. 4:30 முதல் 8:15 வரை. உள்ளங்காலில் செம்மண். தோளில் கன்றிப்போன தடம்.

நவம்பர் 8, சனிக்கிழமை காலைதான் என்னிடம் சொன்னார். முருங்கைக்காயை எடுப்பார், வைப்பார். விரல் கறுப்பாக இருந்தது. ஆளே பாதியாகிவிட்டிருந்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு அம்மாள் தள்ளுவண்டியை நேராக அவர்மேல் விட்டாள். அவர்தான் விலகினார். அவளுக்கு அவர் தெரியவில்லை.

"பதினாலு வருஷம் வரிசையில நின்னேன், சார்," என்றார். "ஒரு ஜோக் அடிச்சேன். அங்க உடனே அப்ரூவ் பண்ணிட்டான்."

நான் சிரித்துவிட்டேன். அவரும்தான். அதற்குமேல் இரண்டு பேருக்கும் சிரிக்க முடியவில்லை.

"பழைய ஆளு நேத்து வரலை," என்றார் பிறகு. "தாழ்வாரத்துல நான் தனியா நின்னேன்."

நவம்பர் 12. ஜூலியட் வேலைக்குப் போகவில்லை. ரெனிஷா பள்ளிக்குப் போகவில்லை. மூவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்கள். ஜூலியட் அவர் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். ரெனிஷா இடது கையை.

4:28.

"விடாதீங்க," என்றார் ரூஃபஸ்.

"விடமாட்டேன்."

4:29.

"டாட், ஐ காட் யூ. ஐ காட் யூ."

4:30.

தட்டும் சத்தம் வரவில்லை.

4:31. ஜூலியட் மூச்சை விட்டாள். ரெனிஷா அழுதுகொண்டே சிரித்தாள். ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்தார்கள்.

நடுவில் இருந்த நாற்காலி காலி.

தட்டும் சத்தம் ஏன் வர வேண்டும்? புது ஆள் வேலையில் சேர்ந்துவிட்டார்.

போலீஸில் சொன்னார்கள். கார் கராஜில் இருந்தது. பாஸ்போர்ட் அலமாரியில் இருந்தது. நாட்டை விட்டு அவர் போனதற்குப் பதிவு இல்லை என்றார்கள். சட்டப்படி ரூஃபஸ் இன்றும் அமெரிக்காவில்தான் இருக்கிறார்.

டிசம்பர் கடைசியில் ஜூலியட் கொடைக்கானல் போனாள். தனியாக. அதே அறை. இரவு முழுக்கக் கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆறு மணி.

டொக்... டொக்... டொக்.

அந்த இருமல். பதினேழு வருடம் பக்கத்தில் படுத்துக் கேட்ட இருமல்.

அவள் கதவைப் பிடுங்கித் திறந்தாள்.

தட்டு தரையில். தாழ்வாரம் காலி.

"ரூஃபஸ்."

அவள் தாழ்வாரத்தில் கால் வைத்தாள்.

"ரெனிஷா உங்களைக் கேட்டா, ரூஃபஸ்."

தாழ்வாரத்தின் கோடியில் வெறுங்கால் சத்தம் ஒரு நிமிடம் நின்றது. அப்புறம் அடுத்த அறைப் பக்கம் போனது. அங்கேயும் விருந்தாளிகள் இருந்தார்கள்.

டொக்... டொக்... டொக்.

ஜூலியட் அங்கேயே, தரையில் உட்கார்ந்து, அந்த டீயைக் குடித்தாள். கல்யாணமான நாளிலிருந்து ரூஃபஸ் அவளுக்குப் போட்டுக் கொடுத்த முதல் டீ.

அடுத்த அறையில் இருந்தது நியூஜெர்சியிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பம். ஊர் திரும்பியதும் பங்களாவைப் பற்றி இணையத்தில் எழுதியிருந்தார்கள். போன வாரம் ஜூலியட் எனக்கு அனுப்பினாள். அப்படியே தருகிறேன்.

'பெட் டீ டாண் என்று ஆறு மணிக்கு வந்துவிடும். ரூம் பாய் கண்ணிலேயே படமாட்டார், அவ்வளவு மரியாதை. விடிய விடிய வாசலுக்கு வெளியே யாரோ அழுகிறார்கள், நிர்வாகம் கவனிக்கவும். டீயில் சர்க்கரை ஜாஸ்தி. மூன்று நட்சத்திரம்.'